பல்கர்ல சிமென்ட் இறங்க மாட்டேங்குதா? பிரஷரை ஏத்துறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ரெடிமிக்ஸ் கான்கிரீட் பிளான்ட்ல இருக்கிறவங்களுக்கு இது பழகிப்போன தலைவலி, பல்கர்ங்கிற டேங்கர் லாரியில இருந்து பவுடரைக் காத்தடிச்சு சைலோவுக்கு (பவுடர் சேத்து வைக்கிற உயரமான தொட்டி) தள்ளுற கம்பிரசர் பாட்டுக்கு கத்திக்கிட்டே கிடக்கும், ஒரு மணி நேரத்துல காலியாக வேண்டிய லோடு மத்தியானம் வரைக்கும் டேங்க்லயே கிடக்கும். உடனே எல்லாரும் பண்ற முதல் தப்பு, "பிரஷரை ஏத்து அண்ணே"ன்னு சொல்றதுதான். பல்கர் டேங்க் பொதுவா 2 பார் பிரஷருக்குத்தான் செஞ்சிருப்பாங்க, அதுக்கு மேல போனா சேஃப்டி வால்வு திறந்து காத்து வீணாப் போகும், அந்த வால்வைக் கட்டி வைக்கிறது கொலைக்குச் சமம், தயவுசெஞ்சு யாரும் பண்ணாதீங்க.

முதல்ல கேஜைப் பாருங்க. டேங்க் பிரஷர் ஒண்ணு, லைன் (பவுடர் போற ஹோஸும் பைப்பும்) பிரஷர் ஒண்ணு, ரெண்டையும் சேத்துப் பாக்கணும். டேங்க்ல நல்லா ஏறியிருக்கு, லைன்ல ஒண்ணுமே இல்லைன்னா பவுடர் டேங்க் அடியிலேயே நிக்குதுன்னு அர்த்தம். லைன் பிரஷரும் ஏறி டேங்க் கிட்ட வந்துட்டா அடைப்பு ஹோஸ்லயோ பைப்லயோ சைலோ மேலயோ இருக்கு. ரெண்டுமே ஏறலைன்னா காத்தே பத்தல, கம்பிரசர் ஏர் ஃபில்டர், பெல்ட், மேன்ஹோல் மூடியோட ரப்பர், கப்ளிங் வாஷர் இதுல எங்கயோ போகுது, சோப்புத் தண்ணி தடவுனா கண்ணு முன்னாடியே குமிழி வரும்.

அடுத்த தப்பு, பவுடர் வெளிய வர்ற டிஸ்சார்ஜ் வால்வை எடுத்தவுடனே முழுசாத் திறக்கிறது. சீக்கிரம் இறங்கும்னு நினைச்சு திறப்பாங்க, நடக்குறது நேர் எதிர். காத்து தூக்கிட்டுப் போக முடியாத அளவு பவுடர் லைனுக்குள்ள விழும், வேகம் குறையும், வளைவுல படியும், அடைச்சு சோக் ஆயிடும். கொஞ்சமாத் திறந்து லைன் கேஜ் முள்ளைப் பாத்துக்கிட்டே ஏத்துங்க, முள்ளு ஆட ஆரம்பிச்சா, ஹோஸ் துள்ள ஆரம்பிச்சா, வால்வைக் குறைங்க. சோக் ஆயிடுச்சுன்னா டிஸ்சார்ஜை மூடிட்டு லைன் காத்தை மட்டும் விடுங்க. இரும்பு பைப்பை லேசாத் தட்டிப் பாத்தா அடைச்ச இடத்துல மந்தமா சத்தம் கேக்கும், காலியான இடத்துல கணீர்னு கேக்கும்.

இன்னொண்ணு, தூத்துக்குடியில இருந்து ஃபிளை ஆஷ் (நிலக்கரி எரிச்ச சாம்பல்) ஏத்திட்டு ஆரல்வாய்மொழி வழியா குலுங்கிக் குலுங்கி வந்த லோடுல உள்ள இருந்த காத்தெல்லாம் வெளியேறி பவுடர் இறுகியிருக்கும். அடியில இருக்கிற ஏரேஷன் பேட் (காத்து ஊடுருவுற துணி) வழியா கொஞ்ச நேரம் காத்தை விட்டு இளக்கிட்டு அப்புறம்தான் டிஸ்சார்ஜ் தொடணும். இதை விட்டுட்டு சுத்தியலால டேங்கை அடிக்கிற பழக்கம் இருக்கே, அது டேங்கைத்தான் நெளிக்கும், ஈரம் பட்டு அடைஞ்ச பேட் துணியை அது சரி பண்ணாது, துணியை மாத்தித்தான் ஆகணும்.

சைலோ மேல இருக்கிற ஃபில்டரை யாரும் பாக்குறதே இல்ல, எனக்கு உண்மையிலேயே கோபம் வர்ற விஷயம் இது. அனுப்புற காத்து எல்லாம் அது வழியாத்தான் வெளிய போகணும், ஃபில்டர் அடைச்சா காத்து போக வழியில்லாம இறக்கம் மந்தமாகும், பழியை டிரைவர் அண்ணன் மேல போடுவாங்க. சைலோங்கிறது பல்கர் மாதிரி பிரஷர் தாங்குற டேங்க் கிடையாது, மேல பிரஷர் கூடினா திறக்குற ரிலீஃப் வால்வு வழியா தூசி பறந்தா உடனே நிறுத்துங்க. நிரம்பிடுச்சோன்னும் பாருங்க.

அப்புறம் ஈரம். நமக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, கடல் காத்து வேற. வாய் திறந்து கிடக்குற ஹோஸ்குள்ள தண்ணி போனா மிச்சமிருக்கிற சிமென்ட் உள்ளயே கல்லாயிடும், நாலு இஞ்ச் ஹோஸ் மூணு இஞ்ச் ஆயிடும். வேலை முடிஞ்சதும் வெறும் காத்தை ஊதி லைனைக் காலி பண்ணி ரெண்டு பக்கமும் மூடி போடுங்க. ஹோஸ் நீளமா இருக்கேன்னு சுருட்டிப் போட்டும் இறக்காதீங்க, எவ்வளவு நேரா கிடக்குதோ அவ்வளவு நல்லது.

என்ன அவசரமா இருந்தாலும் சரி, மேன்ஹோல் மூடியையோ கப்ளிங்கையோ கழட்டுறதுக்கு முன்னாடி கம்பிரசரை நிறுத்தி, காத்தை வெளியேத்துற வென்ட் வால்வைத் திறந்து, டேங்க் கேஜும் லைன் கேஜும் ஜீரோவுக்கு வரணும். அடைப்பு இருக்குற லைன்ல கேஜ் ஜீரோ காட்டினாலும் அடைப்புக்கு அந்தப் பக்கம் பிரஷர் மாட்டிக்கிட்டு இருக்கலாம், அதனால முகத்தை விலக்கிட்டு மெதுவா இளக்குங்க, பாதுகாப்புக் கண்ணாடி போடாம கிட்டயே போகாதீங்க.