காரில் தனியாக ஒரு ஃப்ளை ஃபிஷிங் பயணம்: அப்பா ஆகப்போகிறவரின் முதல் பாடங்கள்

மனைவிக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது, மூன்று நாள் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய், பொய்ப்பூச்சியைக் கட்டி வீசி மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் கற்றுக்கொண்டேன். "குழந்தை வந்தப்புறம் நேரம் கிடைக்காது, இப்பவே போயிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தது அவள்தான். நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: கிளம்பும் முன்

எந்த ஆறு, எங்கே தங்குவீர்கள், தினமும் எத்தனை மணிக்குள் அழைப்பீர்கள் என்பதைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். ஆற்றோரம் பல இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது. முன்பெல்லாம் "வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவன் நான். இந்த முறை 'மாலை 7 மணி' என்று எழுதினேன். அந்த நேரம் தாண்டினால் இனிமேல் காத்திருப்பது ஒருவர் இல்லை, இருவர் என்பது எழுதும்போதுதான் உறைத்தது. மீன்பிடி அனுமதியையும் கையோடு வாங்கிவிடுங்கள்.

படி 2: கருவிகள்

சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டின் எடைதான் இரையைத் தூரமாகக் கொண்டுபோகும். இங்கே ஃப்ளை என்பது தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி. அதற்கு எடை இல்லையென்றே சொல்லலாம். தடிமனான லைன்தான் (தூண்டில் கயிறு) எடை. அதனால் ராடும் (தூண்டில் கோல்) லைனும் ஒரே எடை எண்ணில் இருக்க வேண்டும். புதியவர்களுக்கு 9 அடி நீளமுள்ள 5-வெயிட் ராடும், லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் கட்டும், நுனி மெலிந்துகொண்டே போகும் 9 அடி இழையான லீடரும் போதும். தொப்பி, கண்ணாடி இல்லாமல் வீசவே வீசாதீர்கள். முள் முகத்துக்குப் பக்கத்திலேயே பறக்கும்.

முடிச்சு: லீடர் நுனியை ஃப்ளையின் காதில், அதாவது முள்ளின் தலையிலுள்ள சிறு துளையில், நுழைத்து, லீடரைச் சுற்றி 5 சுற்று சுற்றுங்கள். காதுக்கு அருகிலுள்ள சின்ன வளையத்தில் நுழைத்து, அப்போது உண்டாகும் பெரிய வளையத்திலும் நுழையுங்கள். எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். காய்ந்தபடி இறுக்கினால் உராய்வில் சூடேறி முடிச்சு பலவீனமாகிவிடும்.

படி 3: புல்வெளியில் வீச்சு

இதில்தான் நான் ஒரு நாள் முழுக்கச் செலவிட்டேன். நீங்களும் செலவிடுங்கள். முள்ளுக்குப் பதிலாகக் கம்பளி நூல் துண்டு ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். தலைக்கு நேர் மேலே 12 மணி என்று வைத்துக்கொண்டால், ராடைப் பின்னால் 1 மணிக்குக் கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்துங்கள். லைன் பின்னால் முழுதாக நீளும் வரை காத்திருந்து, முன்னால் 10 மணிக்கு வந்து மறுபடி நிறுத்துங்கள். அவசரப்பட்டால் சாட்டைபோல் சொடுக்கும். நிஜ ஃப்ளையாக இருந்தால் அறுந்தே போகும்.

அந்தக் காத்திருப்புதான் எனக்கு வரவில்லை. கை தானாக முன்னால் ஓடியது. கடந்த ஐந்து மாதமும் அப்படித்தான் இருந்தேன். தொட்டில் வாங்கினேன், பெயர்ப் பட்டியல் போட்டேன், அறைக்கு வண்ணம் அடித்தேன். அவள் சுமந்துகொண்டிருக்க, சும்மா பக்கத்தில் உட்கார எனக்குத் தெரியவில்லை. மதியத்துக்கு மேல் தலையைத் திருப்பி லைன் நீள்வதைக் கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தால் காத்திருக்க முடிகிறது. நீண்ட லைனின் இழுப்பில் ராடு வளைந்து, அடுத்த வீச்சுக்கான விசை தானே கிடைக்கிறது. 8 மீட்டர் நேராக விழுந்தால் ஆற்றுக்குப் போகலாம்.

படி 4: ஆற்றில்

இங்கே பிடிக்கப் போவது குளிர்ந்த நீரில் வாழும் ட்ரவுட் மீன்; அது நீரோட்டத்தை எதிர்த்து நின்று, மிதந்து வரும் பூச்சியைத் தின்னும். அதனால் அதற்குப் பின்னால் நின்று மேல்நோக்கி வீசுங்கள். பாறைக்குப் பின்புறமும், வேக நீரும் மெதுநீரும் சேரும் கோடும் நல்ல இடங்கள். தனியாகப் போகிறவர்கள் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

படி 5: பிடித்துத் திரும்ப ஆற்றில் விடுவது

முள்ளின் எதிர்க்கூரை (பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கூர்) குறடால் முன்பே நசுக்கிவிடுங்கள். மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை எடுத்துவிடும். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால் ட்ரவுட் பிடிக்காதீர்கள். விட்டாலும் பிழைப்பது கஷ்டம்.

என் முதல் மீன் மூன்றாம் நாள் வந்தது, ஒரு சாண் நீளம். பயத்தில் இறுக்கிப் பிடித்தேன், துள்ளியது. விரல்களைத் தளர்த்தி, வயிற்றுக்கு அடியில் உள்ளங்கையை வைத்துத் தண்ணீருக்குள்ளேயே தாங்கினேன். அடங்கியது. பிறந்த குழந்தையை நான் இதுவரை தூக்கியதில்லை. இறுக்கிவிடுவேனோ, நழுவவிடுவேனோ என்று உள்ளுக்குள் ஒரு நடுக்கம் இருந்துகொண்டே இருந்தது. அந்த ஒரு நிமிடம் கையை அப்படியே வைத்திருந்தேன். தலையை நீரோட்டம் பார்த்துப் பிடித்திருந்தால் போதும், மீன் தானாகப் போகும். போனது.

கிளம்பும் முன் ஃப்ளைகளைக் காயவைத்துப் பெட்டியை மூடுங்கள், இல்லையென்றால் துருப்பிடிக்கும். சிக்னல் வந்த இடத்தில் காரை ஓரம்கட்டி 6:40-க்கு அழைத்தேன். நான் மீனைப் பற்றிச் சொல்ல வாயெடுக்கும் முன்பே, "மதியம் குழந்தை அசைஞ்சுது" என்றாள். எந்தப் பக்கம், எத்தனை தடவை, எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மீன் கதையை வீட்டுக்குப் போய்த்தான் சொன்னேன்.