ஆர்.எக்ஸ்.100 லீனாக ஓடுகிறதா? ஜெட்டைத் தொடும் முன் ஏர் லீக்கைப் பிடியுங்கள்

யமஹா ஆர்.எக்ஸ்.100 உற்பத்தி 1996-இல் நின்றது. இன்று ரோட்டில் ஓடும் வண்டிகளில் ரப்பரும் ஆயில் சீலும் காய்ந்து போயிருக்கும் வாய்ப்பே அதிகம். அதனால் வண்டி லீன் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) என்று தெரிந்ததும் பெரிய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகு) வாங்க ஓடாதீர்கள். ஏர் லீக்கை (கார்புரேட்டர் வழியாக வராமல் வெளிக்காற்று நுழையும் ஓட்டை) வைத்துக்கொண்டு ஜெட்டை ஏற்றினால் ஒரு ஆர்.பி.எம்.மில் சரியாகும், இன்னொன்றில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் லீன் என்றால் சூடும் மிஸ்ஸிங்கும். ஆர்.எக்ஸ்.100 போன்ற டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் உள்ளே போகிறது. கார்புரேட்டரைச் சுற்றிக்கொண்டு நுழையும் காற்று, பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் வண்டியில் இரண்டையும் சேர்த்துக் குறைத்துவிடும்.

முதலில் லீன்தானா என்று உறுதி செய்யுங்கள். ஆக்ஸிலேட்டரை விட்டதும் ரேஸ் இறங்காமல் நிற்பது, சூடான பிறகும் சோக் போட்டால்தான் சீராக ஓடுவது, ஒரே வேகத்தில் போகும்போது விட்டு விட்டு இழுப்பது, மேட்டில் டிக் டிக் என்று தட்டுவது எல்லாம் இதன் அடையாளங்கள். எளிய சோதனை ஒன்று உண்டு: பாதி த்ராட்டிலில் ஓடும்போது சோக்கை லேசாகப் போடுங்கள். இழுவை கூடினால் லீன், வண்டி அடைத்தால் ரிச் (பெட்ரோல் அதிகம்). பிறகு பிளக்கைக் கழற்றி வெயிலில் பாருங்கள். பீங்கான் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் லீன். அந்த வெள்ளையில் மிளகுத் தூள் போல மினுங்கும் புள்ளிகள் தெரிந்தால் அது பிஸ்டனிலிருந்து உருகிய அலுமினியம். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

அடுத்தது பெட்ரோல் வரத்து. கார்பில் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, டேப்பைத் திறந்து ஒரு நிமிடம் பாருங்கள். ஆரம்பத்தில் நன்றாக வந்து போகப் போக மெலிந்தால் டேங்க் மூடியைத் திறங்கள். உடனே பழையபடி பாய்ந்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மாற்றமில்லை என்றால் டேப்புக்குள் இருக்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவ வேண்டும். பழைய டேங்கின் துரு முழுக்க அங்கேதான் சேரும்.

இனி ஏர் லீக். என்ஜினை ஐட்லிங்கில் விட்டு, கார்பை என்ஜினோடு இணைக்கும் ரப்பர் மேனிஃபோல்டைச் சுற்றியும், அதற்கு அடுத்துள்ள ரீட் பிளாக் (ஒருவழி வால்வு) கேஸ்கெட் ஓரத்திலும் கார்ப் கிளீனரைத் துளித் துளியாக அடியுங்கள். சைலன்சர் பக்கம் மட்டும் போக வேண்டாம், பற்றிக்கொள்ளும். அடித்த இடத்தில் ரேஸ் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. மேனிஃபோல்டைக் கையால் வளைத்துப் பாருங்கள். வெளியே நல்லதாகத் தெரியும் ரப்பர் வளைக்கும்போதுதான் வெடிப்பைக் காட்டும். டூ ஸ்ட்ரோக் ஆயிலைத் தனியாக அனுப்பும் ஆயில் பம்பைக் கழற்றிய வண்டி என்றால், பம்பிலிருந்து வந்த குழாய் சேர்ந்த மூக்கு ஒழுங்காக அடைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தத் திறந்த துளை பலருக்குக் கண்ணில் படுவதே இல்லை.

மேக்னட் (கிரேங்கின் முனையில் சுழன்று மின்சாரம் தரும் சக்கரம்) பக்கத்து ஆயில் சீலை ஸ்ப்ரே அடித்துச் சோதிக்காதீர்கள், அங்கே தீப்பொறி வரலாம். அதற்கு பிரஷர் டெஸ்ட்தான் வழி. எக்ஸாஸ்ட் போர்ட்டை ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, மேனிஃபோல்டு வாயில் பிரஷர் கேஜோடு ஒரு அடாப்டர் மாட்டி, சைக்கிள் பம்பால் 6 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். 10-ஐத் தாண்டினால் நல்ல சீலும் கழன்றுவிடலாம். ஐந்தாறு நிமிடம் முள் ஏறக்குறைய அப்படியே நிற்க வேண்டும். நிமிடத்துக்கு 1 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் ஓட்டை உண்டு. சிலிண்டர் அடி கேஸ்கெட், ஹெட், கிரேங்க் கேஸ் நடு இணைப்பு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழைத் தேடுங்கள். மேக்னட்டை புல்லரால் கழற்றினால் இடது சீல் நேராகத் தெரியும். எங்கும் குமிழ் இல்லாமல் காற்று இறங்கினால் கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காதை வையுங்கள். உஸ் என்று கேட்டால் கிளட்ச் பக்கத்து சீல் போயிருக்கிறது. அது போனால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகை விடும், ஆயிலும் குறையும். லீன் ஆக்குவது பெரும்பாலும் மேக்னட் பக்கத்து சீல்தான்.

லீக் இல்லை என்று ஆன பிறகே கார்பைக் கழற்றுங்கள். இதில் இருப்பது மிகுனி வி.எம். வகை. அடியில் பெட்ரோல் நிற்கும் பௌலின் திருகுகளின் தலை பிய்ந்துவிடாமல் இருக்க, பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். ஸ்லோ ஜெட்டை (குறைந்த த்ராட்டிலில் பெட்ரோல் விடும் ஜெட்) வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். கம்பியால் குத்த வேண்டாம்; துளை பெரிதானால் ஜெட்டில் அச்சடித்த நம்பருக்கு அர்த்தமே இல்லை. கிளீனரில் ஊற வைத்து காற்றடியுங்கள். ஜெட்டை மட்டும் சுத்தம் செய்துவிட்டு நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. ஏர் ஸ்க்ரூ துளை வழியாக கிளீனர் அடித்தால் கார்பின் தொண்டையில், ஸ்லைடுக்கு (த்ராட்டிலைத் திருப்பும்போது ஏறி இறங்கும் உருளை) அருகே இருக்கும் ஊசித் துளையில் அது பீய்ச்ச வேண்டும். வராவிட்டால் கார்ப் இன்னும் அடைப்பில்தான் இருக்கிறது.

ஃப்ளோட் (பௌலில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) உயரத்தையும் அளந்துவிடுங்கள். கார்பைத் தலைகீழாகப் பிடித்து, ஃப்ளோட்டின் நாக்கு அதன் ஊசி வால்வின் ஸ்பிரிங்கை அழுத்தாமல் தொடும் நிலையில் அளக்க வேண்டும். அளவு மேனுவலில் உள்ளதைவிடக் கூடுதலாக இருந்தால் பௌலில் பெட்ரோல் மட்டம் குறைவு, அதனால் எல்லா த்ராட்டிலிலும் லீன். நாக்கை மிக லேசாக வளைத்து மறுபடி அளங்கள்.

எந்த த்ராட்டிலில் லீனோ, அந்த இடத்தில்தான் திருத்தம். கால் வரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க உள்ளே திருப்பி ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். இது காற்றை அளக்கும் திருகு, உள்ளே திருப்பினால் ரிச். என்ஜின் சூடான பிறகு ரேஸ் அதிகம் ஏறும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடம் ஒரு சுற்றுக்கும் குறைவாக வந்தால் ஸ்லோ ஜெட் சிறிது, ஒரு நம்பர் ஏற்றுங்கள். ஊசியில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி மேலே வரும், ரிச் ஆகும். மெயின் ஜெட்டை ஒவ்வொரு படியாகத்தான் ஏற்ற வேண்டும். டூப்ளிகேட் ஜெட்டில் அச்சடித்த நம்பரை நம்பாதீர்கள்.

லீக்கும் அடைப்பும் இல்லாமலே லீன் ஆவதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்). சுத்த பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், இ20-க்கு சுமார் 13.5 போதும். பழைய ஜெட் அதே அளவே விட்டால் லீன்தான். கிளிப் ஒரு பள்ளம், மெயின் ஜெட் ஒரு படி என்று ஆரம்பியுங்கள். இன்னொன்று பாதுகாப்புக்கு என்று ஆயிலை அதிகம் கலப்பது. லிட்டருக்கு 30 மில்லி போட்டவர் 60 ஆக்கினால் ஜெட் வழியாகப் போகும் பெட்ரோலின் பங்கு 97 சதவீதத்திலிருந்து 94-க்கு இறங்கும். பம்ப் ஓடும் வண்டியில் இந்தச் சிக்கல் இல்லை. ஜெட்டில் வெறும் பெட்ரோல்தான் போகும். பம்பைக் கழற்றி அதே ஜெட்டை விட்டவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் கடைசியாக பிளக் சோதனை. புது பிளக் மாட்டி, ஆளில்லாத நேர் ரோட்டில் மூன்றாம் கியரில் முழு த்ராட்டில் சில வினாடி. கிளட்சைப் பிடித்துக்கொண்டே சாவியை அணைத்து, உருட்டி நிறுத்துங்கள். பீங்கானின் அடிப்பகுதியை பூதக்கண்ணாடியில் பாருங்கள். உள்ளே ஆழத்தில் மெல்லிய பழுப்பு வளையம் தெரிந்தால் மெயின் ஜெட் சரி. வளையமே இல்லாமல் வெளுத்திருந்தால் இன்னொரு படி ஏற்றிவிட்டு, அடுத்த புது பிளக்கோடு மறுபடி பாருங்கள்.