ரூட் கேனாலுக்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்குமா? பாலிசியைப் படித்துக் கண்டறியும் முறை

என் தாயாரின் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் எனப்படும் பல்வேர் சிகிச்சை தேவைப்பட்டபோது, அந்தச் செலவு மருத்துவக் காப்பீட்டில் அடங்குமா என்று கண்டறிய நான் பின்பற்றிய முறையை இங்கே எழுதுகிறேன். இந்தியாவில் விற்கப்படும் தனிநபர் பாலிசிகளுக்கு இது பொருந்தும்.

படி 1: செலவைப் பிரித்து எழுதி வாங்குங்கள்

எக்ஸ்ரே, ரூட் கேனால், அதன் மேல் பொருத்தும் கேப் எனப்படும் உறை ஆகியவற்றுக்குத் தனித்தனியே தொகை குறிக்கச் சொல்லுங்கள். ரூட் கேனாலுக்குச் சொல்லப்படும் கட்டணத்தில் கேப் பெரும்பாலும் சேராது. அதன் விலையும் உலோகமா, உலோகத்தின் மேல் பீங்கானா, ஜிர்கோனியா என்ற உறுதியான வெண்பீங்கானா என்பதைப் பொறுத்து மாறும். வெளியே தெரியாத கடைவாய்ப் பல்லுக்கு உலோகக் கேப்பே போதும் என்பது என் கருத்து. ஆனால், செலவுக்கு அஞ்சிக் கேப்பையே தள்ளிப்போட வேண்டாம். உறையில்லாத பல் மெல்லும்போது பிளந்துவிட்டால், அதை எடுத்துவிட்டு வேறு பல் கட்டும் செலவு வந்து சேரும்.

படி 2: முழுப் பாலிசி ஆவணத்தைத் தேடுங்கள்

விளம்பரத் துண்டறிக்கையை நான் நம்புவதில்லை. நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து முழு விதிமுறைகளைப் பிடிஎஃப் கோப்பாக இறக்கி, 'டென்டல்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் தேடுங்கள். கைபேசியை விடக் கணினியில் இந்த வேலை எளிது.

படி 3: எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது?

எனக்குப் பெரும் குழப்பம் தந்த இடம் இதுதான். பல பாலிசிகள் விபத்தால் ஏற்பட்ட பல் காயத்தை மட்டுமே ஏற்கின்றன. 2020 ஏப்ரலில் அறிமுகமான ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொதுவான மாதிரிப் பாலிசியோ, நோயாலோ காயத்தாலோ தேவைப்படும் பல் சிகிச்சையை ஏற்கிறது. ஆனால் அந்த வரி மருத்துவமனை அனுமதிச் செலவுகள் என்ற தலைப்பின் கீழ் இடம்பெறுகிறது. அனுமதி என்றால் பொதுவாகக் குறைந்தது 24 மணி நேரம். ரூட் கேனாலுக்கு யாரும் அவ்வளவு நேரம் படுப்பதில்லை.

அப்படியானால், மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்வதால் அதை 'டே கேர்' சிகிச்சையாக, அதாவது 24 மணி நேரத்துக்குள் முடியும் மருத்துவமனைச் சிகிச்சையாகக் கணக்கிடலாமே என்று தோன்றும். டே கேருக்கான வரையறையின் கடைசி வரியைப் படியுங்கள்: வழக்கமாக வெளிநோயாளியாகவே பெறப்படும் சிகிச்சை அதில் சேராது என்று எழுதியிருக்கும். எனவே சாதாரண ரூட் கேனாலுக்கு, பாலிசியில் 'ஓபிடி' எனப்படும் வெளிநோயாளிப் பலன் தனியாக இருந்து, அதில் பல் சிகிச்சையும் குறிப்பிடப்பட்டிருந்தால்தான் பணம் கிடைக்கும். அதற்கும் ஆண்டு உச்சவரம்பும் காத்திருப்புக் காலமும் இருக்கலாம். உதாரணமாக, வரம்பு 5,000 ரூபாயாக இருந்து பில் 11,000 ரூபாயாக வந்தால், மீதி 6,000 ரூபாய் உங்கள் பொறுப்பு.

படி 4: பில்லில் இருக்க வேண்டியவை

பல்லின் எண், நோயின் பெயர், செய்த சிகிச்சை, தேதி, மருத்துவரின் பதிவு எண் ஆகியவை இருக்கட்டும். எடுத்துக்காட்டாக, பல் மருத்துவர்களின் ஈரிலக்கக் குறியீட்டில் 36 என்பது கீழ்த்தாடையின் இடப்பக்க முதல் கடைவாய்ப் பல். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேக்களைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

பின்னர் சேர்த்தது

பல் கம்பி பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். பெரும்பாலான பாலிசிகள் அதை அழகுக்கான சிகிச்சையாகக் கருதி விலக்குகின்றன. மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெற்று, இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவானவர்கள், முதலில் இஎஸ்ஐ மருத்துவமனையின் பல் பிரிவை அணுகுவது நல்லது. காப்பீடே இல்லாதவர்களுக்கு, சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நான் பரிந்துரைப்பேன். காத்திருக்க நேரிடும் என்பதால் காலையிலேயே செல்லுங்கள்.

பாலிசியின் விதிமுறை உங்கள் பக்கம் இருந்தும் கிளெய்ம் மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்திடம் எழுத்துமூலம் முறையிடுங்கள். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணமும் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.