வெடிக்காத புப்புசா

பூரணம் வைத்துத் தடிமனாகத் தட்டிச் சுடும் மக்காச்சோள ரொட்டிதான் புப்புசா. மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோர் 2005-இல் இதைத் தேசிய உணவாக அறிவித்தது. நவம்பர் இரண்டாம் ஞாயிறு அங்கே புப்புசா நாள். மாவு ஈரமாகவும் பூரணம் வறண்டும் இருக்க வேண்டும். மாறிப்போனால் கல்லில் வெடித்துவிடும்.

மாவு ‘மாசா ஹரினா’வாகவே இருக்கட்டும். சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்தை அரைத்து உலர்த்திய மாவு அது. சுண்ணாம்பு நீரில் வெந்ததால்தான் மாவு சேர்ந்து பிடிக்கும். சாதாரண மக்காச்சோள மாவை எவ்வளவு பிசைந்தாலும் உதிரும். (ஒலோகுயில்தா ஊரில் அரிசி மாவில் செய்கிறார்கள், அது தனி ருசி.)

2 கப் மாவு, அரை டீஸ்பூன் உப்பு, ஒன்றரை கப் வெதுவெதுப்பான நீர். பிசைந்து, ஈரத்துணியால் மூடி 15 நிமிடம் வையுங்கள். மாவு இன்னும் நீரை இழுக்கும். பிறகு ஓர் உருண்டையை அழுத்திப் பாருங்கள். ஓரத்தில் விரிசல் விட்டால் ஒரு ஸ்பூன் நீர் சேர்த்துப் பிசைந்து மறுபடி பாருங்கள். பெரும்பாலும் ஒன்றே முக்கால் கப் வரை பிடிக்கும். கையில் அப்பினால் நீர் அதிகம்.

பூரணத்துக்கு 150 கிராம் சீஸ், 100 கிராம் சிவப்பு பீன்ஸ் மசியல். அங்கே கேசியோ சீஸ், கிடைக்காவிட்டால் மொஸரெல்லா. வேகவைத்து மசித்த பீன்ஸைக் கொழுப்பில் வதக்குங்கள். கரண்டியால் இழுத்தால் சட்டியின் அடி தெரிய வேண்டும். நன்றாக ஆறியபின் சீஸுடன் பிசையுங்கள். சூடாகச் சேர்த்தால் சீஸ் உருகி ஒழுகும். சமைத்து விழுதாக அரைத்த பன்றி இறைச்சியும் சேர்ந்தால் அது ‘ரெவுவெல்தா’. லொரோகோ என்ற கொடியின் பூமொட்டு கிடைத்தால் விடாதீர்கள். உப்புநீரில் போட்டதென்றால் பிழிந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாவை 8 உருண்டையாக்குங்கள். எண்ணெய் கலந்த நீரில் கையை நனைத்து, உருண்டையைக் கிண்ணம்போல் செப்பு செய்து, 2 டேபிள்ஸ்பூன் பூரணம் வைத்து மூடுங்கள். மேலே குவியும் உபரி மாவைக் கிள்ளி எடுங்கள். விட்டால் அந்த இடம் வேகாது. உள்ளங்கைகளுக்கு இடையே மாற்றி மாற்றித் தட்டி, 1 செ.மீ. தடிமன், 10–12 செ.மீ. அகலம் ஆக்குங்கள்.

லேசாக எண்ணெய் தடவிய, நன்கு காய்ந்த கல்லில் மிதமான தீக்குச் சற்று மேலே வைத்து, பக்கத்துக்கு 3–4 நிமிடம். தானாகக் கல்லை விடும்வரை திருப்ப வேண்டாம். தீ குறைந்தால் காய்ந்து கெட்டியாகும். மிகுந்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். ஓரத்தில் கசிந்து முறுகும் சீஸ் குறையல்ல.

தொட்டுக்கொள்ளக் குர்த்தீதோ என்ற முட்டைக்கோஸ் ஊறல் அவசியம். கால் முட்டைக்கோஸ், ஒரு கேரட், அரை வெங்காயம் மெல்லியதாக நறுக்கி, கொதிநீரில் ஒரு நிமிடம் வைத்து வடியுங்கள். அரை கப் வினிகர், கால் கப் நீர், உப்பு, ஓரிகானோ சேர்த்து முந்தின நாளே ஊறப்போடுங்கள். அதோடு நீர்த்த தக்காளிச் சாஸ். கையால் பிய்த்துத்தான் சாப்பிடுவார்கள்.

மீந்ததைக் காய்ந்த கல்லில் சூடாக்குங்கள்; மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகிவிடும்.