காம்பியா ஆற்றோடு மேலே போக மூன்று நாள்

மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவுக்கு வருகிறவர்களில் பலர் கடற்கரை ஹோட்டலில் தங்கி, ஒரே ஒரு நாள் குண்டா கிண்டே தீவுக்குப் படகில் போய்விட்டுச் சாயங்காலமே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் மனவருத்தம் உண்டு. தலைநகர் பஞ்சுலுக்குப் பக்கத்திலுள்ள செரகுண்டாவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் மூன்று வருடம் கணக்கு எழுதினேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஆற்றோடு மேலே, பழைய கல்வட்டங்கள் இருக்கும் வாசு வரை கூட்டிப்போய்த்தான் அனுப்புவேன். நான் போகிற வழியைச் சொல்கிறேன்.

நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வாருங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை, கொசுவும் அதிகம். மஞ்சள் காய்ச்சல் ஊசி, மலேரியா மாத்திரை பற்றிக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பணத்தைச் செரகுண்டாவிலேயே உள்ளூர் நாணயமான டலாசியாக, சில்லறை நோட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். வழியில் சோதனைச் சாவடிகள் உண்டு, பாஸ்போர்ட் கையோடு இருக்கட்டும்.

முதல் நாள் பஞ்சுலில் காலையில் முதல் ஃபெர்ரியைப் பிடித்து ஆற்றின் முகத்துவாரத்தைக் கடந்து பாராவில் இறங்குங்கள். ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்து, லாரிகளுக்கு நடுவே நான் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறேன். இறங்கிய இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் புல்லன் கோட்டை. எதிர்க்கரையில், பஞ்சுலில், 6 பீரங்கிகள் வைத்த மேடை. பிரிட்டன் 1807இல் அடிமை வியாபாரத்தைத் தடை செய்த பிறகு, அடிமைக் கப்பல்கள் ஆற்றுக்குள் போய்வராமல் தடுக்கவே இந்த இரண்டையும் கட்டினார்கள். இன்னும் உள்ளே, முகத்துவாரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தூரத்தில் இருக்கும் குண்டா கிண்டே தீவுக் கோட்டை அந்த வியாபாரத்துக்கே பயன்பட்டது. அதற்கு அடித்தளம் போட்டவர்கள் 1651இல் வந்த கூர்லாந்துக்காரர்கள் (இன்றைய லாட்வியாவின் ஒரு பகுதி), 1661இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. நாம் போகும் வழியில் முடிவுதான் முதலில் வரும், தொடக்கம் பிறகு வரும். அதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

பாராவிலிருந்து வண்டி பேசி அல்பிரெடா, ஜுஃபுரே. இரண்டும் ஒட்டிய ஊர்கள். படகில் ஏறும் முன் ஜுஃபுரே அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள், இதை மட்டும் மாற்றாதீர்கள். சங்கிலிகளைப் பார்த்துவிட்டுப் போனால்தான் அந்தச் சின்னத் தீவு பேசும். இடிந்த சுவர், துருப்பிடித்த பீரங்கிகள், சில பாவோபாப் மரங்கள், அவ்வளவுதான் மிச்சம். கரையை ஆறு அரித்துக்கொண்டே இருக்கிறது. ஜேம்ஸ் தீவு என்றிருந்த பெயரை 2011இல் குண்டா கிண்டே தீவு என்று மாற்றினார்கள். அடிமையாகப் பிடித்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனதாக ‘ரூட்ஸ்’ நாவல் சொல்லும் குண்டா கிண்டே ஜுஃபுரேயைச் சேர்ந்தவர் என்பது அங்கே சொல்லப்படும் வரலாறு. ஊருக்குள் பெரியவர்களுக்கு ஒரு கைப்பிடி கோலாக்கொட்டை கொடுப்பது மரியாதை. படம் எடுக்கும் முன் கேளுங்கள். நன்றி சொல்ல மண்டிங்கா மொழியில் ‘அபராகா’.

அப்புறம் வடகரைச் சாலையில் ஃபராஃபென்னி வழியாக மேலே. இரவு ஜன்ஜன்புரேயில் தங்கலாம். ஆற்றுக்கு நடுவிலுள்ள தீவு அது, பிரிட்டிஷார் 1823இல் குடியேற்றம் அமைத்த ஊர். இங்கே தண்ணீரில் உப்பு இல்லை.

இரண்டாம் நாள் காலையிலேயே வாசு. எனக்குப் பிடித்த இடம் இதுதான். செம்புரைக்கல்லில் செதுக்கிய தூண்கள் வட்டம் வட்டமாக நிற்கின்றன. பல தூண்கள் ஆள் உயரமோ அதற்கு மேலோ இருக்கும், எடை சராசரி ஏழு டன். இரும்புக் கருவியால் வெட்டி எடுத்திருக்கிறார்கள். கல்லில் கை வைத்தால் அம்மை வடு போலக் குழி குழியாக இருக்கும், உள்ளங்கையில் செந்தூள் ஒட்டும். தூண்களின் தலையில் வந்தவர்கள் வைத்துப்போன கூழாங்கற்கள் குவிந்திருக்கும். மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு வைப்பது வழக்கம். நானும் வைத்திருக்கிறேன். இந்த வட்டங்கள் புதைகுழிகளைச் சார்ந்தவை, அதனால் கல்மேல் ஏறி உட்காராதீர்கள். இங்கே 11 வட்டங்கள். காம்பியாவிலேயே இன்னொரு கல்வட்டத் தொகுதியான கெர்பாட்ச்சில் 9, அதில் ‘வி’ வடிவக் கல் ஒன்று உண்டு. செனகலில் இருக்கும் இரண்டு தொகுதிகளையும் சேர்த்து 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றினார்கள். பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது, நிழலும் குறைவு.

மூன்றாம் நாள் பக்கத்து ஊரான குண்டௌரில் படகு பேசிக் காம்பியா ஆற்றுத் தேசியப் பூங்காவுக்குப் போங்கள். 1979இலிருந்து அங்குள்ள தீவுகளில் சிம்பன்ஸிகள் காட்டு வாழ்க்கை வாழ்கின்றன. தீவில் இறங்க அனுமதி இல்லை. அதிகப் பணம் கேட்டு இன்னும் கிட்டப் போகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தள்ளி நின்றாலே, கிளையில் குட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாயைப் பார்க்கலாம். நீர்யானையும் தலை தூக்கும்.

திரும்பும்போது, ஃபராஃபென்னி அருகே 2019இல் திறந்த பாலத்தில் ஆற்றைக் கடந்து தென்கரைச் சாலையைப் பிடித்தால் பாரா ஃபெர்ரிக்காகக் காத்திருக்க வேண்டாம். இருட்டுவதற்குள் செரகுண்டா வந்துவிடுங்கள், இரவில் சாலையில் மாடுகள் படுத்திருக்கும்.