ஸ்மார்ட் லாக் வேலை செய்யவில்லையா? இதை முதலில் பாருங்கள்

நீங்கள் சேமித்த வீடு போன்ற இடத்திலோ, உங்கள் ப்ளூடூத் வாட்ச் பக்கத்தில் இருக்கும்போதோ போனைப் பூட்டாமல் வைக்கும் வசதிதான் ஸ்மார்ட் லாக். அதை ஆன் செய்தும், வீட்டுக்குள் இருக்கும்போதே ஆண்ட்ராய்டு போன் சும்மா சும்மா பின் நம்பர் கேட்கிறதா? உடனே ஃபேக்டரி ரீசெட் செய்துவிடாதீர்கள். செட்டிங்ஸில் 'டிரஸ்ட் ஏஜென்ட்ஸ்' என்று தேடி, உள்ளே இருக்கும் ஸ்மார்ட் லாக்கை அணைத்து, போனை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி ஆன் செய்யுங்கள், பல போன்களில் இதிலேயே சரியாகிவிடும். புதிய போன்களில் ஸ்மார்ட் லாக்கின் பெயர் 'எக்ஸ்டெண்ட் அன்லாக்'.

அப்புறமும் வரவில்லையா, லொகேஷன் ஆனில் இருக்கிறதா, பேட்டரி சேவர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, சேமித்த வீட்டு இடத்தை நீக்கி மேப்பில் புதிதாக வையுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் பின் கேட்பதும், 4 மணி நேரம் தொடாமல் வைத்தால் கேட்பதும் பழுதே இல்லை.

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று: இந்த இட வசதி சுமார் 80 மீட்டர் வரை பிடிக்கும், நெருக்கமான நம் தெருக்களில் அதற்குள் பக்கத்து வீடுகள், டீக்கடை எல்லாம் வந்துவிடும், அங்கே மறந்து வைத்த போனும் பூட்டாமலே கிடக்கலாம். யுபிஐ, பேங்க் ஆப் வைத்திருந்தால் இடத்தை எடுத்துவிட்டு, கையில் கட்டும் ப்ளூடூத் வாட்சைச் சேருங்கள்.