"பச்சையாத்தானே இருக்கு?" என்பவர்களிடம் எப்படிப் பேசுவது

எங்கள் குளத்தை ஆகாயத்தாமரை மூட ஆரம்பித்தபோது, நான் முதலில் போய்ச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரரிடம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பச்சையாத்தானே இருக்கு? பூ வேற அழகா இருக்கே" என்றார். அவர் அலட்சியமான மனிதர் இல்லை. அதே குளத்தில் பிளாஸ்டிக் மிதந்திருந்தால் அவரே பத்துப் பேரைக் கூட்டியிருப்பார். ஆக்கிரமிக்கும் செடி கொடிகளில் உள்ள சிக்கலே இதுதான். சேதம் செழிப்பு மாதிரி தெரியும்.

அதற்குப் பிறகு ஆறு வருடங்களாக இதே பேச்சைப் பலரிடம் பேசிவிட்டேன். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதி வைக்கிறேன். உங்கள் பக்கத்தில் செடியாக இல்லாமல் மீனாகவோ நத்தையாகவோ இருந்தாலும் முறை பெரும்பாலும் இதேதான்.

ஆரம்பத்தில் நான் செடியைப் பற்றியே பேசினேன். இது தென் அமெரிக்காவில் இருந்து வந்தது, இலைக்காம்பில் காற்று அடைத்திருப்பதால் மிதக்கிறது, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும், வெளிச்சத்தை மறைத்துத் தண்ணீரில் ஆக்ஸிஜனைக் குறைத்துவிடும் என்றெல்லாம் சொன்னேன். எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஒரு நாள் காலை நடைக்கு வரும் பெரியவர் ஒருவர் தானாகவே கேட்டார்: "குட்டி வாத்து மாதிரி ஒண்ணு முங்கி முங்கி எழுமே, அதை ஏன் இப்போ காணோம்?"

அவர் கேட்டது முக்குளிப்பானை. அது முங்கித்தான் சிறு மீனையும் பூச்சியையும் பிடிக்கும். பறந்து கிளம்பவும் தண்ணீர் மேல் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். அதனால் திறந்த தண்ணீர் இல்லாத குளத்தில் அதற்கு வாழ்க்கை இல்லை. அன்றிலிருந்து நான் செடியைப் பற்றிப் பேச்சை எடுப்பதில்லை. "முக்குளிப்பானைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்கிறேன். ஆள் நின்றுவிடுகிறார். யோசிக்கிறார். உங்கள் இடத்தில் காணாமல் போனது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள்: ஒரு தவளையின் குரலாக இருக்கலாம், ஒரு வண்ணத்துப்பூச்சியாக இருக்கலாம். "பல்லுயிர்ப் பெருக்கம்" என்ற சொல்லுக்காக யாரும் வீட்டை விட்டு இறங்கி வருவதில்லை. பழகிய ஒரு பறவைக்காக வருவார்கள்.

இதை வயதானவர்களிடம்தான் கேட்க வேண்டும். குழந்தைகளுக்குக் குளம் என்றாலே பச்சைப் பாய்தான். மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்த நிலையையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது, அதனால் இழந்தது கணக்கிலேயே வருவதில்லை. பெரியவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என் நோட்டில் பதினேழு பேர் சொன்னது இருக்கிறது.

அடுத்தது புகைப்படம். என்னைக் கேட்டால் பேச்சை விட இதற்குப் பலன் அதிகம். ஒரே இடத்தில் நின்று, வாரம் ஒரு முறை, ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுங்கள். மாறாத ஒரு பொருள் ஒவ்வொரு படத்திலும் ஒரே மூலையில் வர வேண்டும். நான் நான்காவது படியில் நின்று, பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டை இடது ஓரத்தில் வருகிற மாதிரி எடுப்பேன். பதினோரு வாரப் படங்களைக் கைப்பேசியில் வரிசையாகத் தள்ளிக் காட்டினால் போதும். விளக்கம் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஏழாவது படத்தில் நிறுத்தி, மறுபடி முதல் படத்துக்குப் போனார். அதன் பிறகுதான் அவரே கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"ஒண்ணு ரெண்டு இருந்தா என்ன ஆகிடும்?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. அதற்கு நான் சொல்லும் கதை இது. 1966-இல் ஒரு சிறுவன் ஹவாயில் இருந்து மூன்று ஆப்பிரிக்க ராட்சத நத்தைகளை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குக் கொண்டு போனான். அவன் பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். ஏழு வருடத்தில் அந்தப் பகுதியில் கிடைத்தவை 18,000-க்கும் மேல். அவற்றை ஒழிக்க சுமார் பத்து வருடமும் பத்து லட்சம் டாலரும் ஆயின. கதையை இதோடு விட்டுவிடுங்கள்.

சிலர் எண்கள் கேட்பார்கள். அவர்களுக்காக ஒன்றை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். பல்லுயிர் பற்றிய சர்வதேச அறிவியல் குழுவான ஐபிபிஇஎஸ் 2023-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் பதிவான உயிரின அழிவுகளில் 60 சதவீதத்தில் ஆக்கிரமிப்பு இனங்களுக்கும் பங்கு உண்டு என்கிறது அது. ஆனால் கேட்காதவரிடம் இதைச் சொல்வதில்லை. பெரிய எண் கேட்டால் "நம்மால என்ன ஆகும்" என்று கை விரிப்பவர்களே அதிகம்.

செடியை அகற்ற உதவி கேட்கும்போது சின்னதாகக் கேளுங்கள். "ஞாயிற்றுக்கிழமை காலையில ஒரு மணி நேரம், கரையில நின்னு கூடையைக் கை மாத்தி விட்டா போதும்." தண்ணீரில் இறங்க முடியாதவருக்கும் வேலை இருக்க வேண்டும். முதல் முறை நான்கு பேர்தான் வந்தார்கள். பரவாயில்லை.

சரி, செடி எடுக்கும் நாளில் கவனிக்க வேண்டியவை. குளத்தைப் பராமரிப்பவர்களிடம் முன்பே அனுமதி வாங்குங்கள். எடுக்கப் போகும் செடி அதுதானா என்று தெரிந்தவரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். நம்மூர்ச் செடியான ஆம்பலைப் பிடுங்கிவிட்டால் நாம் செய்வதும் அதே சேதம்தான். பூக்கும் முன் எடுத்துவிடுவது நல்லது, ஏனென்றால் விதை சேற்றில் பல வருடங்கள் உயிரோடு கிடக்கும். செடியையும் செடியையும் இணைக்கும் ஓடுதண்டோடு சேர்த்து இழுங்கள், விட்ட துண்டு மறுபடி முளைக்கும். இழுக்கும் முன் மிதக்கும் கூடு, முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். குவியலைக் கரை ஓரத்தில் போடாமல், மழைத் தண்ணீர் திரும்ப அடித்துக்கொண்டு போகாத மேட்டில் காயப் போடுங்கள். களைக்கொல்லி அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவு செய்து தடுத்துவிடுங்கள். மொத்தச் செடியும் ஒரே சமயத்தில் அழுகினால் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனும் போய் மீன்கள் செத்து மிதக்கும்.

அப்புறம், வளர்த்த பிராணியைத் தண்ணீரில் விடுபவர்கள். இவர்களிடம் மென்மையாகப் பேச வேண்டும், ஏனென்றால் அன்பினால்தான் அதைச் செய்கிறார்கள். ஒரு அம்மா தன் மகன் வளர்த்த சிவப்புக் காது ஆமையை வாளியில் கொண்டு வந்தார். வாங்கும்போது காசு அளவு இருந்திருக்கிறது. அது 30 செ.மீ. வரை வளரும், 20 வருடத்துக்கு மேல் வாழும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. "பாவம், சுதந்திரமா இருக்கட்டும்" என்றார். குளத்தில் ஏற்கனவே இருக்கும் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் இது பிடுங்கிக்கொள்ளும் என்று சொன்னேன். விற்றவரே திரும்ப வாங்கிக்கொள்வாரா, வளர்க்கத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா, மீட்பு மையம் உண்டா என்று அவரோடு உட்கார்ந்து போன் செய்தேன். மாற்று வழி சொல்லாமல் "விடாதீங்க" என்று மட்டும் சொன்னால், இருட்டிய பிறகு வந்து விட்டுப் போவார்கள். ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகியதும் வீட்டில் வளர்த்தவை வெளியே வந்ததால்தான். அவை நீண்ட நாளாக இருக்கும் பகுதிகளில் ரக்கூன் என்ற சிறு பாலூட்டிகள் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டதாக 2012-இல் வெளியான ஆய்வு சொன்னது.

பேசும்போது ஒரு சொல்லை நான் கவனமாகத் தவிர்க்கிறேன்: "அந்நியம்". வெளியில் இருந்து வந்த செடிகளில் பெரும்பாலானவை யாருக்கும் கெடுதல் செய்யாதவை. வெளியூர்க்காரர் மேல் இருக்கும் வெறுப்பைச் செடி மேல் ஏற்றிப் பேசினால் கூட்டம் சீக்கிரம் சேரும், ஆனால் அந்த வெறுப்பு செடியோடு நிற்காது. அது எங்கிருந்து வந்தது என்பதை விட, இங்கே என்ன செய்கிறது என்று பேசுங்கள். செடி மேலும் ஆமை மேலும் குற்றம் இல்லை, கொண்டு வந்தது நாம்தான் என்பதையும் குழந்தைகள் முன்னால் சொல்லிவிடுங்கள்.

ஒரு முறை எடுத்துவிட்டு விட்டுவிட்டால் எல்லாம் வீண். நாங்கள் அப்படி ஒரு வருடத்தைத் தொலைத்தோம். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கரையைச் சுற்றி வந்து, உள்ளங்கை அளவு இருக்கும்போதே கையால் எடுத்துவிடுகிறோம். வடக்குக் கரை பக்கத்து வீட்டுக்காரருடைய பொறுப்பு.